கடவுளுக்குக் கண்ணில்லையா? பதில் சொல்ல வந்த ஐந்து கவிதைகளில் எதைக் கையில் எடுப்பது

நல்லவருக்கு ஏன் இப்படி நடக்கிறது என்ற கேள்வியோடு கவிதைப் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். பட்டியல் பெரிது, நேரம் கொஞ்சம். மில்டனைத் தொடங்குவதா, தாந்தேயா? பைபிளில் யோபு இருக்கிறதே, அது போதாதா? நம் சிலப்பதிகாரமே இதைத்தானே பேசுகிறது? கேட்பவர்களில் பாதிப்பேர் இலக்கியம் படிக்க ஆசைப்படுபவர்கள். மீதிப்பேர் வீட்டில் ஒரு சாவோ ஒரு அநியாயமோ நடந்து, ஆறுதல் சொல்ல வந்தவர்களின் பேச்சில் சலித்துப்போனவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே புத்தகத்தை நீட்ட முடியாது.

தெய்வ நீதியை மனிதருக்கு விளக்கப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லித் தொடங்கியவர்கள் இருவர், இருவரும் ஆங்கிலக் கவிஞர்கள். 1667இல் ஜான் மில்டன் தன் காவியத்தின் முதல் பத்தியிலேயே இதை அறிவித்தார். 1733இல் அலெக்சாண்டர் போப் ஏறக்குறைய அதே வரியைத் தன் கவிதைக்கும் எடுத்துக்கொண்டார். (திருக்குறளை மொழிபெயர்த்த ஜி. யு. போப் வேறு, இவர் வேறு.) அப்படி அறிவிக்காமலே அந்த வேலையைச் செய்தவர்கள் யோபுவின் ஆசிரியர், இளங்கோவடிகள், தாந்தே. இந்த ஐந்தைத்தான் இங்கே எடை போடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல்: கவிதை நேராகப் பதில் சொல்கிறதா, இல்லை கேள்வியையே மாற்றிவிடுகிறதா? மாற்றுவது குறை என்று சொல்லவில்லை. எதை எதிர்பார்த்துத் திறக்கிறோம் என்று தெரிந்திருந்தால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டாவது: அடிபட்டவருக்குப் பேச இடம் உண்டா? கடவுளைப் பார்த்துக் கோபமாகக் கேட்டவரைக் கவிதை தண்டிக்கிறதா, கேட்க விடுகிறதா?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எந்த விளக்கத்திலும், கணக்கு நேராக வரவேண்டும் என்பதற்காக யாரோ ஒருவரை ஓரமாகத் தள்ளிவைத்திருப்பார்கள். கதை முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது அந்த ஆளின் கணக்கு மட்டும் தீராமல் கிடக்கும். இதுதான் மறைவான விலை. நூலின் பின்னட்டையில் இது இருக்காது. தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

நான்காவது, வாசிப்பு உழைப்பு. நீளம் எவ்வளவு, உரை வேண்டுமா, முன்னறிவு வேண்டுமா.

| நூல் | நீதியைப் பற்றி என்ன சொல்கிறது | அடிபட்டவர் பேசலாமா | தீராத கணக்கு | உழைப்பு |
|---|---|---|---|---|
| யோபு | பதில் இல்லை, படைப்பைப் பார் | தாராளமாக | இறந்த பத்துப் பிள்ளைகள் | குறைவு |
| சிலப்பதிகாரம் | ஊழ்வினை தேடி வந்து பிடிக்கும் | பேசலாம், எரிக்கவும் செய்யலாம் | ஆயிரம் பொற்கொல்லர் | உரையோடு நடுத்தரம் |
| தாந்தே | செய்த குற்றமே தண்டனையின் வடிவம் | கேட்கலாம், அதட்டு விழும் | வர்ஜில் | மிக அதிகம் |
| மில்டன் | சுதந்திரம் கொடுத்தேன், நீ விழுந்தாய் | பத்தாம் காண்டம் வரை பொறுக்கவேண்டும் | ஏவாள், ஓரளவு கடவுளே | அதிகம் |
| போப் | உள்ளதெல்லாம் சரியே | இடமில்லை | லிஸ்பன் நகரம் | குறைவு |

## யோபு

கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் உருவானது என்று அறிஞர்கள் பலர் கருதும் எபிரேய நூல். மொத்தம் 42 அதிகாரம். தொடக்கமும் முடிவும் உரைநடைக் கதை, நடுவில் இருப்பது ஏறக்குறைய முழுக்கக் கவிதை. பழைய தமிழ் பைபிளில் வசனம் வசனமாக அச்சிட்டிருப்பதால் இது கவிதை என்பதே பலருக்குத் தெரியாது.

கதையின் அடித்தளம் நமக்குப் பழக்கமானதுதான். அரிச்சந்திரன் கதையில் தேவசபையில் வசிட்டருக்கும் விசுவாமித்திரருக்கும் வாக்குவாதம் முற்றி ஒரு மனிதனின் வாழ்க்கை பந்தயப்பொருளாகிறது. இங்கே பரலோக சபையில் சாத்தான் கேட்கிறான்: யோபு சும்மாவா பக்தியாக இருக்கிறான், கொடுத்ததைப் பிடுங்கிப் பாரும் என்கிறான். 7000 ஆடு, 3000 ஒட்டகம், ஏழு மகன்கள், மூன்று மகள்கள், எல்லாம் ஒரே நாளில் போகிறது. பிறகு உடம்பெல்லாம் பருக்கள்.

மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அப்புறம் வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இப்படி நடக்குமா? நீ செய்யாவிட்டாலும் உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள். துக்க வீட்டில் இதைக் கேட்காத தமிழர் உண்டா என்ன. யோபு விட்டுக்கொடுக்கவில்லை. பிறந்த நாளைச் சபிக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லையே என்கிறான். 31ஆம் அதிகாரத்தில் நீதிமன்றத்தில் சத்தியம் செய்பவன்போல, தான் செய்யாத குற்றங்களை வரிசையாகச் சொல்லி, என் எதிராளி குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்கட்டும் என்று சவால் விடுகிறான்.

38ஆம் அதிகாரத்தில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். எழுதிக் கொடுக்கவில்லை. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று திருப்பிக் கேட்கிறார். மனுஷர் யாருமே இல்லாத வனாந்தரத்தில் ஏன் மழை பெய்கிறது, காட்டாடு எப்போது குட்டி போடுகிறது, தெரியுமா? கேள்விமேல் கேள்வி. பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசகருக்குத் தெரிந்தது யோபுவுக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது.

இதைப் படித்து எரிச்சல் வந்தால் நியாயம்தான். ஆனால் 42ஆம் அதிகாரத்தில் ஒரு தீர்ப்பு வருகிறது, அதைத் தவறவிடக்கூடாது. கடவுளுக்காக வக்காலத்து வாங்கிப் பேசிய நண்பர்கள்மேல்தான் கடவுளுக்குக் கோபம். எதிர்த்துக் கேட்ட யோபு பேசியதே சரி என்கிறார். தெய்வ நீதிக்கு விளக்கம் சொன்னவர்களைத் தெய்வமே கண்டிக்கும் நூல் இந்த ஐந்தில் இது ஒன்றுதான்.

மறைவான விலை அடுத்த சில வசனங்களில் இருக்கிறது. போனதெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்புகிறது: 14,000 ஆடு, 6,000 ஒட்டகம். பிள்ளைகள் மட்டும் மறுபடியும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். புதிய மகள்களுக்குப் பெயர்கூட வைக்கிறார்கள்: எமீமா, கெத்சீயாள், கேரேனாப்புக். முதல் பத்துப் பேருக்குப் பெயரே இல்லை. அரிச்சந்திரன் கதையில் செத்த லோகிதாசன் உயிர்த்து எழுகிறான். யோபுவின் பிள்ளைகள் எழவில்லை. அவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று நூலில் யாரும் கேட்பதுகூட இல்லை.

புது துக்கத்தில் இருப்பவருக்கும், ஆறுதல் பேச்சுகளால் காயப்பட்டவருக்கும் இதுதான் முதல் தேர்வு. காரணம் தெரிந்தே ஆகவேண்டும் என்பவருக்கு வேண்டாம்.

## சிலப்பதிகாரம்

காரணம் வேண்டும் என்றால் இங்கே வாருங்கள். பதிகத்திலேயே மூன்று விதிகள் அறிவிக்கப்படுகின்றன: "அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம், உரைசால் பத்தினிக்கு உயர்ந்தோர் ஏத்தலும், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதூஉம்." கடவுளுக்கு வக்காலத்து என்று சொல்லாவிட்டாலும், மில்டனுக்குப் பல நூற்றாண்டு முன்பே, இன்ன நீதியை நிறுவப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்கும் காவியம்.

விளக்கம் முழுதாக வருவது மதுரைக் காண்டத்துக் கட்டுரை காதையில். நகரம் எரிந்துகொண்டிருக்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வருகிறாள். எப்படி வருகிறாள் என்று பாருங்கள்: "முன்னிலை ஈயாள் பின்னிலைத் தோன்றி." எதிரில் வந்து நிற்கத் துணிவில்லாமல் பின்னால் நின்று பேசுகிறாள். நீதியை விளக்க வந்த தெய்வத்துக்கே அடிபட்டவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த ஒரு தொடருக்காகவே இளங்கோவை மற்ற நால்வருக்கும் மேலே வைக்கத் தோன்றுகிறது.

அவள் சொல்லும் கணக்கு இது. முற்பிறப்பில் கோவலன் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்ற அரச ஊழியன். நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி நீலி 14 நாள் அரற்றித் திரிந்து, மலையேறி விழுந்தபோது, எங்களுக்கு இதைச் செய்தவர்க்கும் இதுவே வரட்டும் என்று சபித்தாள். நகை, பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காத அரசன், தனித்த மனைவி, 14 நாள். ஒவ்வொன்றும் அச்சாகப் பொருந்துகிறது.

சரி, கண்ணகி என்ன செய்தாள்? அதற்கும் பதில் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். புகார்க் காண்டத்திலேயே தோழி தேவந்தி சொல்கிறாள்: முற்பிறப்பில் கணவனுக்காக எடுத்த ஒரு நோன்பைத் தவறவிட்டாய், இரண்டு குளங்களில் நீராடிக் காமவேளைத் தொழுதால் சரியாகும். கண்ணகி ஒரே சொல்லில் மறுக்கிறாள்: "பீடன்று." தவறவிட்ட ஒரு நோன்புக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். கவிஞர் அந்தக் கேள்விக்கு வாய் திறக்கவில்லை. ஆனால் மதுரைத் தெருவில் கண்ணகியையே கேட்கவைக்கிறார்: "தெய்வமும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல்." அப்படிக் கேட்டவளைக் காவியம் தண்டிக்கவில்லை, தெய்வமாக்குகிறது.

இந்த நூலின் ஒரு பலத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். ஊழ் என்ற காரணம் இருப்பதால் பாண்டியன் தப்பித்துவிடவில்லை. எல்லாம் விதி, நான் என்ன செய்வேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். "யானே கள்வன்" என்று விழுந்து சாகிறான். தெய்வக் கணக்கும் அரச பொறுப்பும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் இரண்டும் நிற்கின்றன. போப் தவறவிட்டது இதைத்தான்.

தீராத கணக்கு எங்கே? கண்ணகி ஏவிய தீயில் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. அதுவாவது பரவாயில்லை. அதற்குப் பின்னால் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், நாட்டின் பஞ்சமும் நோயும் தீர, பொற்கொல்லர் ஆயிரம் பேரை ஒரே பகலில் கண்ணகிக்குப் பலியிடுகிறான். பொய் சொன்னது ஒரு பொற்கொல்லன். மழை பெய்தது, நாடு செழித்தது என்று உரைபெறு கட்டுரை அமைதியாக நகர்ந்துவிடுகிறது. அந்த ஆயிரம் பேரின் மனைவிமாரில் யாராவது மலையேறினார்களா? சங்கமன் கதையைக் கேட்ட பிறகு இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

அநியாயத்துக்கு மனித முகம் இருக்கும்போது, அதாவது பொய் வழக்கு, விசாரிக்காத அதிகாரி, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத மேலிடம் என்று இருக்கும்போது, இதைப்போல வேறு நூல் இல்லை. நோயாலோ விபத்தாலோ பிள்ளையை இழந்தவர் கையில் மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். போன பிறவியில் என்ன செய்தோமோ என்ற எண்ணம் அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும். வாசிக்க ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரை போதும்.

## தாந்தே

1302இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்திலிருந்து துரத்தப்பட்டு, திரும்பிப் போகவே முடியாமல் 1321இல் இறந்தவர். கடைசி ஆண்டுகள்வரை எழுதிய காவியம் 'டிவைன் காமெடி', 100 பாடல், 14,233 வரி. நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் (பாவம் கழுவப்படும் இடம்), மோட்சம் என்ற மூன்றிலும் தாந்தேயே நடந்துபோகிறார். நரக வாசலில் எழுதியிருப்பதில் நம்பிக்கையைக் கைவிடுங்கள் என்ற வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குச் சற்று மேலே, என்னைப் படைத்தவனை இயக்கியது நீதி என்று அந்த வாசலே சொல்கிறது.

இங்கே நீதி என்றால் குற்றமே தண்டனையாகத் திரும்புவது. தகப்பனையும் மகனையும் பிரித்துச் சண்டை மூட்டிய பெர்த்ரான் தெ போர்ன், உடம்பிலிருந்து பிரிந்த தன் தலையையே விளக்குபோலக் கையில் தூக்கி நடக்கிறான். எதிர்காலம் பார்ப்பதாகச் சொன்ன குறிகாரர்களின் முகம் முதுகுப்பக்கம் திரும்பியிருக்கிறது. அதைப் பார்த்துத் தாந்தே அழுகிறார். வழிகாட்டியாக வரும் பழைய ரோமக் கவிஞர் வர்ஜில் அதட்டுகிறார்: தெய்வத் தீர்ப்பின்மேல் இரக்கமா?

நம் ஆட்கள் பலர் நரகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீதியைப் பற்றிய கேள்வி நேராக வருவது மோட்சத்தின் 19ஆம் பாடலில்தான். உதாரணத்தை அவர் எங்கிருந்து எடுக்கிறார் தெரியுமா? சிந்து நதிக் கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிப் பேசவோ படிக்கவோ எழுதவோ அங்கே ஆளில்லை. எண்ணத்திலும் செயலிலும் குறை சொல்ல முடியாத நல்லவன். ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான். அவனைத் தண்டிக்கும் நீதி எது, நம்பாதது எப்படி அவன் குற்றம்? 700 ஆண்டுக்கு முந்தைய இத்தாலியக் கவிஞர் நம் பக்கத்து ஆளுக்காகக் கேட்ட கேள்வி இது. நீதிமான்களின் ஆன்மாக்கள் சேர்ந்து உருவான கழுகு பதில் சொல்கிறது: சாண் தூரம் பார்க்கும் கண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் மைல் தாண்டித் தீர்ப்புச் சொல்ல நீ யார்? யோபுவுக்குக் கிடைத்த அதே அதட்டு. கூடவே, கிறிஸ்து கிறிஸ்து என்று கூவும் பலர் அவரை அறியாதவனைவிடத் தூரத்தில் நிற்பார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறது.

அடுத்த பாடலில் ஒரு வேலை செய்கிறார். வர்ஜிலின் காவியத்தில் ரிஃபேயுஸ் என்ற ட்ராய் வீரன் சில வரிகளில் வந்து போகிறான். ட்ராய்க்காரர்களில் மிக நேர்மையானவன், ஆனால் தேவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள், செத்தான். அவ்வளவுதான். தாந்தே அந்த ரிஃபேயுஸைத் தூக்கி மோட்சத்தில், கழுகின் புருவத்தில் வைக்கிறார். கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முந்தியவன்! அவனை எழுதிய வர்ஜிலோ நரகத்தின் முதல் வட்டத்தில், வலியில்லாத ஏக்கத்தில், என்றென்றைக்கும். நரகம் முழுக்கவும் உத்தரிக்கிற ஸ்தலத்தின் உச்சிவரையும் கைப்பிடித்துக் கூட்டிவந்தவர், சொல்லிக்கொள்ளாமல் மறைந்துவிடுகிறார். இந்தக் காவியத்தின் தீராத கணக்கு அவர்தான். தாந்தேவுக்கே அது தெரியும் என்றுதான் படுகிறது.

இன்னொரு விலையும் உண்டு. நீதிபதியும் வாதியும் ஒரே ஆள். தனக்குத் துரோகம் செய்ததாக அவர் கருதிய போப்பரசர் எட்டாம் போனிஃபாஸுக்கு, கதை நடக்கும் காலத்தில் அவர் சாகும் முன்பே, நரகத்தில் இடம் ஒதுக்கிவிடுகிறார்.

கெட்டவன் நன்றாக வாழ்கிறானே என்று குமுறுபவருக்கு இது தீனி. அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு பக்கம் நகராது. ஃபிளாரன்ஸ் அரசியலும் இறையியலும் கூடவே வரும்.

## மில்டன்

இந்த ஒப்பீட்டில் எல்லோரும் முதலில் கேட்பது இவரைத்தான். நான் தயங்கித் தயங்கித்தான் சிபாரிசு செய்கிறேன்.

பின்னணி தெரிந்தால் கவிதை வேறு மாதிரி தெரியும். 1652க்குள் முழுக்கக் கண்பார்வை போய்விட்டது. மன்னராட்சி இல்லாத இங்கிலாந்துக்காகப் பல ஆண்டு எழுதினார். அதுதான் கடவுளின் சித்தம் என்று நம்பினார். 1660இல் மன்னராட்சி திரும்பியது. அவர் புத்தகங்களை எரித்தார்கள், அவரையும் கொஞ்ச நாள் சிறையில் வைத்தார்கள். கடவுள் ஏன் எங்களைத் தோற்கவிட்டார் என்று கேட்க அவரைவிட உரிமை உள்ளவர் யார்? பிறர் எழுதிக்கொள்ள இவர் சொல்லிச் சொல்லி முடித்தது 'இழந்த சொர்க்கம்': விலக்கப்பட்ட கனியைத் தின்று ஆதாமும் ஏவாளும் விழுந்த கதை. முதல் பதிப்பு 10 காண்டம், 1674இல் 12. பத்தாயிரம் வரிக்கு மேல்.

அவர் தரும் பதில் தெளிவானது. மூன்றாம் காண்டத்தில் கடவுளே பேசுகிறார். நிற்கப் போதுமான வலிமையோடு மனிதனைப் படைத்தேன், விழச் சுதந்திரமும் கொடுத்தேன். விழுவான் என்று எனக்கு முன்பே தெரியும், ஆனால் என் அறிவு அவனைத் தள்ளிவிடவில்லை. தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். சிக்கல் என்னவென்றால், கடவுள் தன் தரப்பை வாதாடத் தொடங்கியதுமே வாசகர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். யோபுவின் கடவுள் காற்றாக வந்து பேசும்போது பயம் வருகிறது. மில்டனின் கடவுள் பேசும்போது எதிர்க்கேள்வி வருகிறது. போதாக்குறைக்கு முதல் இரண்டு காண்டத்தையும் சாத்தானுக்குக் கொடுத்து, அவன் வாயில் அத்தனை நல்ல வரிகளையும் வைத்துவிட்டார். மில்டன் தன்னை அறியாமலே சாத்தான் கட்சி என்று கவிஞர் வில்லியம் பிளேக் 1790களில் எழுதியதை இன்றுவரை யாராலும் முழுக்க மறுக்க முடியவில்லை.

மில்டன் இதை அறியாதவர் இல்லை. இரண்டாம் காண்டத்தில், வேலையில்லாத சில பிசாசுகள் நரகத்து மலையில் தனியாக உட்கார்ந்து விதி, முன்னறிவு, சுதந்திரம் என்று விவாதித்து வழி தெரியாமல் சுற்றுகின்றன. தன் காவியத்தின் மையக் கேள்வியைப் பிசாசுகளின் பொழுதுபோக்காகக் காட்டும் நகைச்சுவை அவருக்கு இருந்தது.

எனக்குப் பிடித்த மில்டன் பத்தாம் காண்டத்தில் இருக்கிறார். விழுந்த பிறகு ஆதாம் இரவெல்லாம் தரையில் கிடந்து கேட்கிறான்: மண்ணிலிருந்து என்னை மனிதனாகச் செய்யச் சொல்லி நான் கேட்டேனா? 1818இல் மேரி ஷெல்லி தன் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலின் முகப்பில் போட்ட வரிகள் இவை. கடவுள் மூன்றாம் காண்டத்தில் சொன்ன விளக்கம் ஆதாமின் உதவிக்கு வரவில்லை. உதவிக்கு வருவது ஏவாள். திட்டுவாங்கிக்கொண்டே காலில் விழுந்து, எல்லாப் பழியும் என் மேல் இருக்கட்டும் என்கிறாள். சண்டை அங்கேதான் முடிகிறது. ஆனால் நாலாம் காண்டத்திலேயே அவளுடைய இடம் நிர்ணயமாகிவிட்டது: அவன் கடவுளுக்காக, அவள் அவனிலுள்ள கடவுளுக்காக. கடைசி இரண்டு காண்டங்களில் மிக்கேல் தேவதூதர் ஆதாமுக்கு எதிர்காலத்தையும் மீட்பையும் விளக்கும்போது ஏவாளைத் தூங்கவைத்துவிடுகிறார்கள். நீதி விளக்கப்படும் வகுப்பில் அவளுக்கு அனுமதி இல்லை.

ஒரு சின்ன விஷயம். ஒன்பதாம் காண்டத்தில் இருவரும் இலையால் உடம்பை மறைக்கும்போது, அது எந்த அத்தி என்று மில்டன் குறிப்பிடுகிறார்: மலபாரிலும் தக்காணத்திலும் இந்தியர்கள் அறிந்த, விழுது விட்டுப் பரவும் மரம். நம் ஆலமரம்தான்.

உழைப்பைப் பற்றி: முதல் வாக்கியமே 16 வரி, பாடு என்ற வினை ஆறாவது வரியில்தான் வரும். தமிழருக்கு வினைமுற்றுக்குக் காத்திருப்பது புதிதில்லை என்பதால் ஆங்கில வாசகர் அளவுக்கு நாம் திணறவேண்டியதில்லை. வெ. ப. சுப்பிரமணிய முதலியார் முதல் பகுதியைச் 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழாக்கினார். பழைய நூலகங்களில் தேடிப் பார்க்கலாம்.

தன் தவறால் ஒன்றை இழந்து, அதற்கு யாரையும் பழிசொல்ல முடியாமல் இருப்பவருக்கு மில்டன் சரியான துணை. நம்பிய இயக்கம் தோற்றுப்போனவர்களுக்கும்தான். ஒரு தவறும் செய்யாமல் அடிபட்டவருக்கு இவரிடம் சொல்ல அதிகம் இல்லை.

## போப், அவருக்குக் கிடைத்த மறுப்பு

'மனிதனைப் பற்றி ஒரு கட்டுரை' 1733, 34இல் வந்தது. நான்கு கடிதங்கள், ஈரடிச் செய்யுள். படிக்க மிக எளிது, மனப்பாடம் செய்ய அதைவிட எளிது. பகுதியைப் பார்த்தால் தீமை, முழுமையைப் பார்த்தால் நன்மை. ஆகவே உள்ளதெல்லாம் சரியே. சொகுசாக வாழ்ந்தவர் சொன்னது என்று தள்ளிவிட முடியாது. சிறுவயதிலேயே முதுகெலும்பில் காசநோய் வந்து, உயரம் நாலரை அடியோடு நின்று, காலமெல்லாம் வலியோடு வாழ்ந்தவர். தனக்குத் தானே சொல்லிக்கொண்ட ஆறுதல் என்று படித்தால் மரியாதை வருகிறது. மற்றவருக்குச் சொல்லும்போதுதான் கசக்கிறது.

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலை, மக்கள் கோயில்களில் இருந்த நேரத்தில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அதிர்ந்தது. பிறகு கடல் ஏறியது, பிறகு தீ. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். முன்பு போப்பைப் புகழ்ந்த பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேர் அடுத்த ஆண்டே ஒரு கவிதை வெளியிட்டு 'எல்லாம் சரியே' என்பதைக் கிழித்தார். தாயின் மார்பில் நசுங்கிய குழந்தைகள் என்ன குற்றம் செய்தன? லிஸ்பன் புதைந்துவிட்டது, பாரிஸில் நடனமாடுகிறார்கள். 2004 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரை வந்தவர்களை அலை கொண்டுபோனதைப் பார்த்த நமக்கு இந்தக் கவிதைக்கு உரை வேண்டாம். தத்துவவாதி ரூசோ வோல்ட்டேருக்கு எழுதிய பதில் கடிதத்தையும் சேர்த்துப் படிக்கலாம்: ஆறேழு மாடி வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டியது இயற்கையா என்று அவர் கேட்டார். பாண்டியனைப் பொறுப்பாக்கிய இளங்கோவுக்கு இது பிடித்திருக்கும்.

வோல்ட்டேரின் நடன வரியைப் பல நூற்றாண்டு முன்பே பக்குடுக்கை நன்கணியார் பாடிவிட்டார். புறநானூறு 194: "ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப." ஒரு வீட்டில் சாவுப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு. இப்படிப் படைத்தவனை அவர் விளக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. "பண்பிலாளன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

போப்பைத் தனியாகப் படிக்காதீர்கள். வோல்ட்டேரோடு சேர்த்துப் படித்தால் ஒரே மாலையில் ஒரு நூற்றாண்டின் வாதம் முழுவதும் கிடைக்கும், வாசகர் வட்டத்துக்கு அருமையான தேர்வு. துக்க வீட்டுக்கு எடுத்துப் போகவேகூடாது.

## அப்போ எதை எடுப்பது

இழப்பு புதிதாக இருந்தால் யோபு 3, 9, 31, 38, 42 ஆகிய அதிகாரங்கள் மட்டும். நண்பர்களின் பேச்சைத் தாண்டிவிடலாம், அவற்றை ஏற்கெனவே நேரில் கேட்டிருப்பீர்கள்.

வழக்கு, அதிகாரம், பொய்க் குற்றச்சாட்டு என்றால் சிலம்பில் ஊர்சூழ் வரி தொடங்கிக் கட்டுரை காதை வரை. முழுக் காவியத்தைப் பிறகு பார்க்கலாம்.

குற்றவுணர்வு அரிக்கிறது என்றால் மில்டனின் ஒன்பதும் பத்தும். தொடக்கத்திலிருந்து போனால் சாத்தான் உங்களைப் பிடித்துவைத்துக்கொள்வான்.

ஒரு வருடம் ஒதுக்க முடியும், துயரம் ஆறியிருக்கிறது, ஆழமாக ஒன்றைப் படிக்கவேண்டும் என்றால் தாந்தே, அதுவும் மூன்று பாகமும். நரகத்தை மட்டும் படிப்பதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

இதில் எதற்கும் மனம் ஒப்பவில்லை, கடவுளுக்கு வக்காலத்து வாங்கும் எந்தக் கவிதையும் இப்போது வேண்டாம் என்றால், நன்கணியார் பாட்டு ஏழே வரி.